ஆயரே சொல்லியும் கேட்காத விவசாயி... திருச்சபை அவரைப் பீடத்தில் ஏற்றியது ஏன்?

'திருச்சபை ஒன்று சொல்கிறது, என் மனசாட்சி வேறொன்று சொல்கிறது. நான் எதைக் கேட்பது?'

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. குடும்பக் கட்டுப்பாடு, செயற்கைக் கருத்தரிப்பு, மணமுறிவுக்குப் பிறகு மறுமணம் என வாழ்க்கையின் நெருக்கடியான இடங்களில்தான் இது வந்து நிற்கும். பதில் சொல்பவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். 'திருச்சபை சொன்னால் சொன்னதுதான்' என்பது ஒரு கட்சி. 'மனசாட்சிக்கு மேல் யாருக்கும் அதிகாரம் இல்லை' என்பது இன்னொரு கட்சி.

இந்த இரண்டு கட்சிக்குள்ளும் அடங்காத மனிதர் ஒருவர் இருந்தார். ஆஸ்திரியாவின் எல்லையோரக் கிராமத்தில் உழுது பிழைத்த ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். ஆயர் நேருக்கு நேர் சொன்ன அறிவுரையை அவரால் ஏற்க முடியவில்லை. அதற்கு விலையாக உயிரையே கொடுத்தார். 64 ஆண்டுகள் கழித்து, அந்த ஆயரின் மறைமாவட்டத்துப் பேராலயத்திலேயே திருச்சபை அவரை 'அருளாளர்' என்று அறிவித்தது.

ஆயரை மீறிய ஒருவரை எப்படித் திருச்சபை வணக்கத்துக்குரியவர் ஆக்கியது? மனசாட்சி பற்றிக் கத்தோலிக்கப் போதனை உண்மையில் என்ன சொல்கிறது என்பதற்கான பதில் இவரது வாழ்க்கையிலேயே இருக்கிறது.

மோட்டார் சைக்கிளில் சுற்றிய இளைஞர்

1907 மே 20 அன்று சாங்க்ட் ராடெகுண்ட் என்ற கிராமத்தில் பிறந்தார் ஃபிரான்ஸ். ஹிட்லர் பிறந்த பிரவுனாவ் ஊரும் அதே மாவட்டம்தான். பெற்றோர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தந்தை முதல் உலகப் போரில் இறந்துபோனார். பிறகு தாய் ஒரு விவசாயியை மணக்க, அவர் ஃபிரான்ஸைத் தத்தெடுத்துத் தன் பெயரைக் கொடுத்தார்.

பிறந்ததிலிருந்தே அவர் 'சாமியார்' இல்லை. இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் கோயில் பக்கமே போகாமல் இருந்தார். ஊரில் முதன்முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர் அவர்தான். திருமணத்துக்கு முன்பே ஒரு மகளும் உண்டு. பிறகு மெல்ல மெல்ல விசுவாசத்துக்குத் திரும்பினார். 1936-ல் பெரிய வியாழனன்று ஃபிரான்ஸிஸ்காவைக் கைப்பிடித்தார். புதுமணத் தம்பதி நேராக ரோம் நகருக்குப் பயணம் போனார்கள். அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள். தினமும் திருப்பலி, பைபிள் வாசிப்பு, புனிதர் வரலாறுகள் என்று வாழ்க்கை மாறியது. 1941 முதல் ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை வேலையும் பார்த்தார்.

அவருடைய படிப்பு கிராமத்துப் பள்ளிக்கூடத்தோடு சரி. இறையியல் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஊரே 'ஆம்' சொன்னபோது...

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஜெர்மனியோடு இணைவதா என்று மக்களிடம் கேட்க, ஏப்ரல் 10 அன்று வாக்கெடுப்பு. அதற்கு முன்பே ஆஸ்திரிய ஆயர்கள் கூட்டாக அறிக்கை விட்டு, இணைப்புக்கு ஆதரவாக வாக்களிப்பதை மக்களின் கடமைபோலச் சொல்லிவிட்டார்கள். அதில் வியன்னாவின் கர்தினால் இன்னிட்ஸரின் கையெழுத்தும் இருந்தது.

சாங்க்ட் ராடெகுண்டில் 'இல்லை' என்று வாக்களித்தவர் ஃபிரான்ஸ் ஒருவர்தான். அந்த ஒற்றை வாக்கையும் மறைத்து, 100 சதவிகிதம் ஆதரவு என்றே கிராமத்தின் முடிவு மேலிடத்துக்குப் போனது.

ஆயர்களை எதிர்க்க வேண்டும் என்ற ஆசையில் அவர் இப்படிச் செய்யவில்லை. 1933 ஜனவரியில் அவருடைய மறைமாவட்டமான லின்ஸின் அப்போதைய ஆயர் கிஃபோல்னர் ஒரு மேய்ப்புப்பணி மடல் எழுதியிருந்தார். நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான நாஜியாகவும் ஒருவர் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்பது அதன் சாரம். (யூதர்களைப் பற்றிய அந்தக் காலத்துத் தப்பெண்ணங்களும் அதே மடலில் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.) ஆட்சி மாறியதும் மேலே இருந்தவர்களின் குரல் தணிந்தது. ஆனால், ஃபிரான்ஸ் அந்த மடலை மறக்கவில்லை. தனக்குப் போதிக்கப்பட்டதை அவர் அப்படியே நம்பினார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

ராணுவத்தில் கண்ட உண்மை

1940 ஜூனில் முதல் அழைப்பாணை வந்தது. ஃபிரான்ஸ் போனார், உறுதிமொழியும் எடுத்தார். ஊர்த் தலைவரின் முயற்சியால் சில நாள்களிலேயே வீடு திரும்பினார். அக்டோபரில் மீண்டும் அழைப்பு. 1941 ஏப்ரல் வரை பயிற்சி. மனநலம் குன்றியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் அரசே கொன்றுவருவது அந்தக் காலகட்டத்தில்தான் அவர் காதுக்கு எட்டியது. இன்னொரு பக்கம், அவருடைய பங்குத்தந்தை காரோபாத் ஒரு பிரசங்கத்துக்காகக் கைதாகி, ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டிருந்தார்.

வீடு திரும்பிய ஃபிரான்ஸ் நோட்டுப் புத்தகங்களில் எழுதத் தொடங்கினார். ரஷ்யாவின் மீது படையெடுப்பது கம்யூனிசத்தை ஒழிக்கவா, அந்த மண்ணின் தாதுக்கள், எண்ணெய், விளைநிலத்துக்காகவா என்று அவர் கேட்ட கேள்விக்கு ஊரில் யாரிடமும் பதில் இல்லை. 'போரே கூடாது' என்பதல்ல அவருடைய கட்சி. இந்தப் போர் அநியாயமானது, இந்த ஆட்சி கடவுளுக்கு எதிரானது, இதற்காக ஆயுதம் ஏந்துவது பாவம் என்ற தெளிவுக்கு அவர் வந்திருந்தார். அடுத்த முறை அழைத்தால் போவதில்லை என்று முடிவெடுத்தார்.

ஆயர் சொன்ன பதில்

இங்கேதான் ஃபிரான்ஸின் கதை நாம் நினைக்கும் புரட்சிக் கதைகளிலிருந்து விலகுகிறது. முடிவெடுத்த கையோடு அவர் கலகக்கொடி தூக்கவில்லை. ஆலோசனை கேட்டு அலைந்தார். தெரிந்த குருக்களிடம் பேசினார். நாஜிகளால் பாதிக்கப்பட்ட காரோபாத்தே, 'குடும்பத்தை நினைத்துப் பார்' என்று வாதாடினார். வேத வசனங்களைக் கொண்டே தன் வாதங்களை அந்த விவசாயி ஒவ்வொன்றாக உடைத்ததைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

கடைசியில் லின்ஸ் ஆயரையே பார்க்கப் போனார் ஃபிரான்ஸ். கிஃபோல்னர் 1941-ல் இறந்துவிட்டதால், அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஃப்ளீஸர். கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு ஃபிரான்ஸ் உள்ளே போக, ஃபிரான்ஸிஸ்கா பக்கத்து அறையில் காத்திருந்தார். போர் நியாயமானதா என்று தீர்ப்புச் சொல்வது குடிமகனின் வேலை அல்ல, அதற்கு ஆட்சியாளர்களே பொறுப்பு. உன் முதல் கடமை உன் குடும்பம் என்பதுதான் ஆயரின் பதில். வெளியே வந்த கணவரின் முகம் வாடியிருந்தது. அவர்களுக்கே வாயைத் திறக்கத் துணிவில்லை, திறந்தால் அடுத்து அவர்கள் முறைதான் என்ற பொருளில் மனைவியிடம் சொன்னார். தன்னை ஓர் உளவாளி என்று ஆயர் சந்தேகப்பட்டிருக்கலாம் என்பதும் அவர் எண்ணம்.

ஆயரை வில்லனாக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர் சொன்னது அவர் கற்பனையில் உதித்ததல்ல. 'சந்தேகம் இருந்தால் சட்டபூர்வமான அதிகாரத்தின் பக்கமே நில்' என்பது அன்றைய ஒழுக்கநெறிப் பாடநூல்கள் சொல்லிக்கொடுத்த வழக்கமான அணுகுமுறை. எதிரே நிற்பவர் மூன்று சிறு பெண் குழந்தைகளின் தகப்பன். 'போய்ச் சாகு' என்று எந்த ஆயர் சொல்வார்?

ஃபிரான்ஸும் ஆயரை ஒரு வார்த்தை பழிக்கவில்லை. ஆயர்களும் குருக்களும் நம்மைப்போல் சதையும் ரத்தமும் உள்ள மனிதர்கள், அவர்களுக்கும் பலவீனம் வரலாம் என்பதே அவர் எழுதி வைத்த கருத்து. போருக்குப் போன அக்கம்பக்கத்தாரையும் அவர் பாவிகள் என்று சொல்லவில்லை.

ஃபிரான்ஸிஸ்கா என்ற தூண்

இந்தக் கதையின் கனமான பகுதி மனைவியுடையது. 1938 வாக்கெடுப்பின்போது, வாக்களிக்காமல் வீட்டிலிருந்தால் ஆபத்து வருமே என்று கணவரைப் போகச் சொல்லி வற்புறுத்தியவர் ஃபிரான்ஸிஸ்கா. ராணுவத்துக்குப் போக மறுக்கும் முடிவையும் முதலில் அவர் எதிர்த்தார். ஆனால் தாய், உறவினர், குருக்கள் என எல்லோரும் கணவரைச் சுற்றி நின்று வாதாடுவதைப் பார்த்ததும் அவர் மனம் மாறியது. தானும் கைவிட்டுவிட்டால் அவருக்கு யாருமே இருக்க மாட்டார்கள் என்று, அவர் பக்கம் போய் நின்றார்.

1943 பிப்ரவரியில் மூன்றாவது அழைப்பாணை வந்தது. மார்ச் தொடக்கத்தில் என்ஸ் நகரப் படைமுகாமுக்குப் போன ஃபிரான்ஸ், ஆயுதம் ஏந்திப் போரிட முடியாது என்று அறிவித்தார். காயம்பட்டவர்களுக்கு உதவும் மருத்துவப் பணிக்கு வரத் தயார் என்றும் சொல்லிப் பார்த்தார். ஏற்கப்படவில்லை. லின்ஸ் சிறையிலிருந்து மே மாதம் பெர்லின் டேகல் சிறைக்கு மாற்றப்பட்டார்.

ஜூலை 6 அன்று நாஜிகளின் உச்ச ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அடுத்த வாரமே ஃபிரான்ஸிஸ்காவும் ஊர்ப் பங்குக் குருவும் பெர்லினுக்கு ரயிலேறினார்கள். மனதை மாற்ற அதுவே கடைசி வாய்ப்பு என்று அந்தக் குரு மன்றாடினார். ஃபிரான்ஸ் மாறவில்லை. கணவனும் மனைவியும் பார்த்துக்கொண்டது அதுவே கடைசி.

அந்தச் சிறையில் அவருக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் ஒரு செய்தி. ரைனிஷ் என்ற ஆஸ்திரியக் குரு, ஹிட்லருக்கு உறுதிமொழி எடுக்க மறுத்து முந்தைய ஆண்டே கொல்லப்பட்டார் என்று சிறைக் குரு சொன்னார். 'நான் தனியாள் இல்லை' என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் கில்லட்டின் அவர் தலையைத் துண்டித்தது. அவருக்கு வயது 36.

போர் முடிந்தது, மௌனம் முடியவில்லை

ஹிட்லர் வீழ்ந்த பிறகாவது ஊர் கொண்டாடியிருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கிராமத்தில் பலருடைய அப்பாக்களும் அண்ணன்களும் அந்தப் போரில் இறந்திருந்தார்கள். ஃபிரான்ஸ் செய்தது சரி என்றால் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் எதற்காகச் செத்தார்கள் என்ற கேள்வி வருமே! பழி முழுவதும் ஃபிரான்ஸிஸ்கா மேல் விழுந்தது. போர் விதவைகளுக்கான உதவித்தொகை 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. நிலத்தையும் மாடுகளையும் மாமியாரையும் மூன்று மகள்களையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

திருச்சபையும் தயங்கியது. 1946-ல் ஃபிரான்ஸ் பற்றிய கட்டுரை ஒன்றை மறைமாவட்டப் பத்திரிகையில் வெளியிடும் முயற்சிக்கு ஆயர் ஃப்ளீஸர் அனுமதி தரவில்லை. கடமையைச் செய்து போர்க்களத்தில் இறந்த கத்தோலிக்க இளைஞர்களையே பெரிய வீரர்களாக அவர் கருதினார்.

இருபது ஆண்டு மௌனத்தைக் கலைத்தவர் ஓர் அமெரிக்கர். கார்டன் ஸான் என்ற கத்தோலிக்கச் சமூகவியலாளர், ஜெர்மானியக் கத்தோலிக்கர்களின் போர்க்கால நிலைப்பாட்டை ஆராயப்போன இடத்தில் ஃபிரான்ஸின் கதையைக் கண்டெடுத்தார். அவரும் இரண்டாம் உலகப் போரில் மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்தான். 1964-ல் அவருடைய புத்தகம் வந்தது.

அப்போது ரோமில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தது. ஃபிரான்ஸின் கதையை அந்தச் சங்கத்தின் முன்வைத்தவர் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். 1937 முதல் 1950 வரை பம்பாயின் பேராயராக இருந்தவர். தனக்கு ஆன்மிக ஆலோசனை சொல்லவேண்டியவர்களே கைவிட்ட நிலையில் ஒரு விவசாயி தனியாக நின்றார், இனி அப்படி யாரும் தனியாக நிற்கக் கூடாது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

1965 டிசம்பர் 7 அன்று வெளியான சங்க ஏட்டில், மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்கு, வேறு வகையில் சமூகத்துக்குச் சேவை செய்ய அவர்கள் முன்வந்தால், சட்டங்கள் மனிதாபிமானத்தோடு வழிவிட வேண்டும் என்ற பரிந்துரை இடம்பெற்றது. ஃபிரான்ஸ் கேட்டதும் அதுதானே!

அப்படியானால் மனசாட்சிதான் ராஜாவா?

அதே சங்க ஏடு, மனசாட்சியை மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் ஓர் உள் ஆலயமாகக் காட்டுகிறது. 13-ம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ், தவறாகப் புரிந்துகொண்ட மனசாட்சியைக்கூட ஒருவர் மீறினால் அது பாவமே என்றார். தனக்குத் தீமை என்று தெரிந்த ஒன்றை, மேலிடம் சொன்னதற்காகச் செய்பவர் தீமையைத் தேர்ந்தெடுத்தவர்தான். 1992-ல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும், உறுதியான மனசாட்சியின் தீர்ப்புக்குக் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும் என்கிறது.

இதோடு நிறுத்திவிட்டால் பாதிப் போதனைதான். தவறான மனசாட்சிக்குக் கட்டுப்பட்டேன் என்பதாலேயே ஒருவர் குற்றமற்றவர் ஆகிவிட மாட்டார் என்றும் அக்குவினாஸ் சொல்கிறார். உண்மையைத் தேடாமல் சோம்பியிருந்ததால் தவறிப்போனால், அந்தச் சோம்பலுக்கு அவர்தான் பொறுப்பு. மனசாட்சியைப் பயிற்றுவிக்க வேண்டும், அதற்குத் திருச்சபையின் போதனைக்குக் கவனமாகச் செவிகொடுக்க வேண்டும் என்கிறது சங்கம்.

இங்கிலாந்தின் புனித ஜான் ஹென்றி நியூமன் இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர். போப்பாண்டவரின் வழுவாவரம் 1870-ல் அறிவிக்கப்பட்டதும், இனி கத்தோலிக்கர்கள் ரோமின் அடிமைகள்தானா என்று அரசியல் தலைவர் கிளாட்ஸ்டன் கேட்டார். 1875-ல் நியூமன் பதில் எழுதினார். விருந்தில் போப்பாண்டவரின் பெயரால் கோப்பை உயர்த்தலாம், ஆனால் முதல் கோப்பை மனசாட்சிக்குத்தான் என்று அதில் நகைச்சுவையாகச் சொன்னார். அதே கடிதத்தில், இஷ்டப்படி நடப்பதற்கு 'மனசாட்சி' என்று பெயர் சூட்டிக்கொள்பவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இந்த இழுபறி இன்னும் ஓயவில்லை. 1968-ல் போப் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடைக்கு எதிராகச் சுற்றுமடல் வெளியிட்டார். அவர் விரிவுபடுத்தியிருந்த ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மை மாற்றத்துக்கு ஆதரவாக இருந்தும், பழைய போதனையே உறுதியானது. எவ்வளவோ முயன்றும் ஏற்க முடியாத தம்பதிகள், தங்களுக்குச் சரியென்று நேர்மையாகத் தோன்றும் வழியை நல்மனசாட்சியோடு தேர்ந்தெடுக்கலாம் என்று கனடா ஆயர்கள் அதே ஆண்டில் சொன்னார்கள். 1993-ல் இரண்டாம் ஜான் பால், நன்மை தீமையை மனசாட்சி தானாக உருவாக்குவதில்லை, கண்டறியத்தான் செய்கிறது என்று எச்சரித்தார். 2016-ல் போப் பிரான்சிஸ், மனசாட்சிகளை உருவாக்குவதே எங்கள் பணி, அவற்றின் இடத்தில் நாங்கள் உட்கார்ந்துகொள்வதல்ல என்ற கருத்தை முன்வைத்தார்.

ஃபிரான்ஸ் தரும் உரைகல்

ஒவ்வொரு வீட்டுச் சிக்கலுக்கும் ஃபிரான்ஸின் வாழ்க்கையில் நேரடி விடை கிடைக்காது. அவர் மறுத்தது ஆயரின் அறிவுரையைத்தான், திருச்சபையின் போதனையை அல்ல. சொல்லப்போனால், போதித்தவர்களைவிட அந்தப் போதனையை அவர் கெட்டியாகப் பிடித்திருந்தார். போதனையையே ஏற்க முடியவில்லை என்பவரின் நிலைமை வேறு, அது இன்னும் சிக்கலானது.

ஆனாலும் ஒலிப்பது மனசாட்சியா, சௌகரியமா என்று உரசிப் பார்க்க அவரிடம் சில அடையாளங்கள் உண்டு. முடிவெடுக்கும் முன் அவர் படித்தார், ஜெபித்தார். தன்னோடு ஒத்துப்போக மாட்டார்கள் என்று தெரிந்தவர்களிடமும் போய்க் கேட்டார். தன் முடிவை அடுத்தவர் மேல் திணிக்கவில்லை. அந்த முடிவால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை, இழப்புதான்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 'நீ யோசிக்காதே, மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்ற பதில், அக்கறையோடு சொல்லப்பட்டாலும், கேட்டவரை நடுவழியில் தனியே விட்டுவிடுகிறது. லின்ஸில் நடந்தது அதுதான். தண்டனைத் தீர்ப்பை 1997-ல் பெர்லின் நீதிமன்றம் ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் ஃபிரான்ஸ் மறைசாட்சியாக அருளாளர் பட்டம் பெற்றார்.

அந்தப் பேராலயத்தில் 94 வயது ஃபிரான்ஸிஸ்காவும் மகள்களோடு உட்கார்ந்திருந்தார். 100 வயதை எட்டி, 2013 மார்ச்சில் காலமானார். ஒருவர் தன் மனசாட்சிப்படி நடக்க முடிவெடுத்தால் அதன் சுமையில் பெரும்பங்கை வீட்டிலிருப்பவர்கள் சுமக்கிறார்கள். ஃபிரான்ஸிஸ்கா அதை 70 ஆண்டுகள் சுமந்தார். மனசாட்சியைப் பற்றிப் பேசும்போது அவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.